6:42-க்கு ஒரு கையசைப்பு

திங்கள், மாலை 7:00. மெக்ஸிகோ நகரத்தின் ஒப்ரேரா பகுதியில் வாத்தியங்கள் பழுதுபார்க்கும் கடை. காப்பி குடித்துவிட்டுத் திரும்பிய முதலாளி எலியோதோரோ பெட்டியைத் திறந்தார். உள்ளே வெள்ளி ட்ரம்பெட் இல்லை.

அவர் கடையைப் பூட்டிக்கொண்டு கிளம்பியது 6:30-க்கு. பூட்டு உடையவில்லை. அவரைத் தவிரச் சாவி வைத்திருந்தது இரண்டு பேர்: ஐந்து மணிக்கு வேலை முடித்த லியோபார்தோ, ஆறு மணிக்கு முடித்த நாபோர்.

செவ்வாய், மாலை 5:35. நாபோர் காவலில் இருந்தான். அவனை அங்கே கொண்டுபோய் விட்டது அவன் தங்கை காசில்தாவின் நோட்டு.

கால் முறிந்து மூன்று வாரமாகக் கட்டிலில் கிடந்தாள் காசில்தா. நகர நடுவே தேசியக் கொடி பறக்கும் சோகலோ சதுக்கத்தை நேரலையில் காட்டும் கேமராவை டி.வி.யில் போட்டுவிட்டு, கண்ணில் பட்டதையெல்லாம் குறித்துவைப்பாள். படத்தின் மூலையில் ஓடும் கடிகாரம்தான் அவளுக்கு மணி. அந்தக் கேமரா எதையும் பதிவு செய்து வைப்பதில்லை. அதனால் அவள் நோட்டுதான் ஒரே சாட்சி.

போலீஸ் அதிகாரி ஓவிதியோ அவள் கட்டிலருகே உட்கார்ந்து அதை உரக்கப் படித்தார். "'திங்கள், 6:42. கொடிக்கம்பத்தடியில் லியோபார்தோ. கேமராவைப் பார்த்துக் கையாட்டுகிறான். கையில் ஒன்றுமில்லை. காற்றில்லை, கொடி சுருண்டு தொங்குகிறது.' நீங்க எழுதினதுதானே?"

"ஆமா சார்."

"அங்கிருந்து கடைக்கு எப்படிப் போனாலும் இருபது நிமிஷம். அப்போ எடுத்தது அவன் இல்லை. உங்க அண்ணன் எங்கே இருந்தார்?"

"தனியா நடந்து வந்துட்டிருந்தாராம்."

"யாரும் பார்க்கலை. கையெழுத்துப் போடுங்க."

அடுப்படியில் கரண்டி 'ணங்'கென்று விழுந்தது. "போடுடி! கூடப் பிறந்தவனைக் காட்டிக்கொடுத்தாச்சு, கையெழுத்துல என்ன குறைச்சல்!" நேற்றிலிருந்து அம்மா அவளிடம் பேசிய முதல் பேச்சு.

காசில்தாவுக்கு நோட்டைக் கிழித்து எறியலாம் போலிருந்தது. தப்பாகப் பார்த்தோமா? எட்டைத்தான் ஆறென்று எழுதினோமா? பத்தாவது தடவையாக அந்த வரியைப் படித்தாள். எழுத்தில் பிசகில்லை. அதுதான் எரிச்சல்.

"லியோபார்தோவை நல்லாத் தெரியுமா?"

"ஞாயித்துக்கிழமை ரொட்டி வாங்கிட்டு என்னைப் பார்க்க வந்தான். இதே கேமராவை ரெண்டு பேரும் பார்த்தோம். 'என் வாட்ச் கிழடாயிடுச்சு போல'ன்னு தட்டித் தட்டிப் பார்த்தான். 'நாளைக்கு அங்கே நிப்பேன், கையாட்டினா எழுதுவியா தங்கச்சி?'ன்னு கேலி பண்ணினான்."

ஓவிதியோ பேனாவை நீட்டினார். அவள் வாங்கவில்லை. நிமிடங்கள் போயின.

திரையில் சிப்பாய்கள் வரிசையாக வந்து கொடியை இறக்கத் தொடங்கினார்கள். அடுப்படி ரேடியோ சொன்னது: "நேரம் மாலை ஆறு மணி."

காசில்தா படத்தின் மூலையைப் பார்த்தாள். 7:00.

"சார், லியோபார்தோவுக்குப் போன் போடுங்க. கையாட்டினப்போ கொடி எப்படி இருந்ததுன்னு மட்டும் கேளுங்க."

"எதுக்கு?"

"கேளுங்களேன்!"

ஒலிபெருக்கியில் லியோபார்தோவின் குரல் உற்சாகமாக வந்தது. "தலைக்கு மேலே தொங்கிட்டிருந்துச்சு சார். துளி காத்து இல்லை. காசில்தா எழுதியிருப்பாளே!"

ஓவிதியோ போனை வைத்தார். திரையைப் பார்த்தார். கம்பம் மொட்டையாக நின்றது. மூலையில் 7:04.

"தினமும் ஆறு மணிக்கு இறங்குற கொடி, 6:42-க்கு எப்படி சார் தொங்கும்?" என்றாள் காசில்தா. "முன்னெல்லாம் கோடை வெளிச்சத்துக்காக ஏப்ரல் முதல் ஞாயித்துக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி முன்னால தள்ளிவைப்போமே, ஞாபகம் இருக்கா? அரசாங்கம் அந்த வழக்கத்தை எடுத்துச் சில வருஷமாச்சு. நாமெல்லாம் மறந்துட்டோம். அந்தப் பழைய கேமராவுக்கு யாரும் சொல்லலை. முந்தாநாள் தானாவே தள்ளிக்கிச்சு. அவன் நின்னது 5:42-க்கு. முதலாளி கிளம்பறதுக்கு முன்னாடியே கடைக்குப் பக்கத்துல வந்து நின்னிருப்பான்."

"வாட்சைத் தட்டினது..."

"எது தப்பு, வாட்சா கேமராவான்னு பார்க்கத்தான். எடுத்தவன் லியோபார்தோ. நான் மணியை எழுதுவேன்னு நம்பித்தான் கையாட்டினான். கூடவே கொடியையும் எழுதுவேன்னு நினைக்கலை."

இரவு 8:20. லியோபார்தோவின் அறையில், துணிமூட்டைக்குள் ட்ரம்பெட் கிடைத்தது.

நாபோர் வீடு திரும்பினான். அம்மா நாற்காலி போட்டு ஏறி, அடுப்படிக் கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு வந்தாள். டி.வி.க்கு நேர் மேலே ஆணி அடித்து மாட்டினாள்.

"இனிமே இதைப் பார்த்து எழுது."