ஸ்டோர்லேர்ந்து பேசறேன்

டெலிபோன் அடித்தது.

கன்னத்தைத் தாங்கிக்கொண்டிருந்த கையை எடுத்து, அவள் ரிசீவரை எடுத்தாள். வீக்கத்தில் முகம் ஒரு பக்கமாய்க் கோணியிருந்தது. இருந்தும் உதட்டில் சிரிப்பு வந்துவிட்டது.

இந்த நேரத்துக்கு அவரைத் தவிர வேறு யார்?

"ஹெல்ப் டெஸ்க். சொல்லுங்க சார்... பல்லைப் பிடுங்கியாச்சு."



"என்னது?"

அவர் குரல் இல்லை.

"நான் புராஜெக்ட் மேனேஜர் பேசறேன். உங்க பல்லைப் பத்தி எனக்கு எதுக்கும்மா? ஸ்டோர் லாகினை உடனே லாக் பண்ணுங்க. புது பாஸ்வேர்டை எனக்கு அனுப்புங்க."

"ஸ்டோர் சார் எங்கே?"

"அதான் தெரியலை. நேத்து சாயங்காலத்திலேர்ந்து ஆளைக் காணோம். எங்கயாவது குடிச்சிட்டுக் கிடப்பான்."

"அவர் குடிக்க மாட்டாரே சார்."

"தினமும் அவன் பக்கத்துல நின்னு மூக்கைப் பிடிச்சுக்கறது நானா, நீங்களா? சொன்னதைச் செய்ங்க."

லைன் துண்டிக்கப்பட்டது.

அவள் ரிசீவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பொய் சொல்கிறான்.

கட்டட கான்ட்ராக்ட் கம்பெனிகளுக்கு சாஃப்ட்வேர் விற்கும் நிறுவனம் அது. ஒரு லோடு சிமென்ட் கேட்டுக்குள் நுழைந்தால் போதும். ஸ்டோர் இருப்பில் ஏறும், பில் அக்கவுண்ட்ஸுக்குப் போகும், எந்த மாடியில் எவ்வளவு பூசினார்கள் என்பது வரை ஒரே திரையில் தெரியும். அதில் யாருக்காவது சந்தேகம் வந்தால் இவளுக்குப் போன் வரும்.

சந்தேகம் உள்ளவர்கள் மட்டும்தான் இவளோடு பேசுவார்கள்.

ஆபீஸில் மற்றவர்கள் எல்லாம் சின்ன வயசுக்காரர்கள். காதில் ஹெட்போன். கூட்டமாய்ச் சாப்பிடப் போவார்கள். நாற்பதைத் தாண்டிய, தனி அறையில் வாடகைக்கு இருக்கும் இவளைக் கூப்பிடக்கூடாது என்று யாரும் நினைக்கவில்லை. கூப்பிட வேண்டும் என்றும் நினைக்கவில்லை.

அவர் மட்டும் தினமும் பேசினார்.

'ஸ்டோர்லேர்ந்து பேசறேன் மேடம்...'

முதலில் உண்மையான சந்தேகங்கள். கம்பி வந்தால் எங்கே பதிவது, உடைந்த டைல்ஸை எப்படிக் கழிப்பது. கொஞ்ச நாளில் எல்லாம் கற்றுக்கொண்டுவிட்டார். ஆனாலும் கேட்டதையே திரும்பக் கேட்டார். அவருக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். இருந்தாலும் முதலிலிருந்து பொறுமையாய்ச் சொல்லித் தருவாள். நடுநடுவே மழை, முதுகு வலி, ரேடியோவில் கேட்ட பாட்டு.

கல்யாணம் ஆகாதவர். சொந்தம் என்று யாரும் இல்லாதவர். அதற்குமேல் எதுவும் தெரியாது. முகம்கூடத் தெரியாது.

அவளுடைய பல் வலியைப் பற்றி இந்த உலகத்தில் விசாரித்த ஒரே ஆள்.

நேற்று ராத்திரி க்ளினிக்கில் நர்ஸ் கேட்டாள். "கூட யார் வந்திருக்காங்க?"

"யாரும் வரலை."

"யாராவது வந்திருக்கலாமே."

யாராவது இருந்தால் வந்திருக்கலாம்தான்.

அவள் கீபோர்டை இழுத்தாள். லாகினைப் பூட்டுவதற்கு முன்னால், அவர் வேலை செய்யும் கட்டடத்தின் நேற்றைய பதிவுகளைத் திறந்தாள்.

கேட் வருகைப் பதிவு. முகத்தைக் காட்டினால்தான் அந்த மெஷின் ஆளை உள்ளே விடும், வெளியேயும் விடும். ஸ்டோர் கீப்பர் நேற்றுக் காலை உள்ளே போயிருந்தார்.

வெளியே வரவே இல்லை.

அடுத்த பக்கம். நேற்று சாயங்காலம் ஒரு லாரி கான்கிரீட். இடம்... அடித்தளத்தில் முதல் லிஃப்ட் குழி.

வேலை அட்டவணையைத் திறந்தாள். அந்தக் குழியில் கான்கிரீட் போட வேண்டியது அடுத்த மாதம்.

ஆர்டர் கொடுத்தது ஸ்டோர் லாகின்.

அவளுக்கு ஞாபகம் வந்தது. நேற்று அவர் இரண்டு தடவை பேசினார். காலையில் வழக்கம்போல. சாயங்காலம் மறுபடியும்... மேனேஜர் ஊரில் இல்லாதபோது அவசரமாய்க் கான்கிரீட் வரவழைப்பது எப்படி என்று கேட்டார். குரலில் மூச்சு வாங்கியது. படியேறி வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு, எந்தப் பட்டனை அழுத்த வேண்டும் என்று சொல்லித் தந்தாள்.

உள்ளே போனவர் வெளியே வரவில்லை. ஒரு மாதம் முன்கூட்டியே ஒரு குழி மூடப்பட்டிருக்கிறது.

தனித்தனியாய்ப் பார்த்தால் எதுவுமே இல்லை. எல்லாவற்றையும் ஒரே திரையில் சேர்த்து வைத்து மறுபடி படித்தாள்.

யாரோ அவரை மிரட்டி, அவர் குழிக்கு அவரையே ஆர்டர் கொடுக்க வைத்திருக்கிறார்கள்.

* * *

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அவள் கொண்டுவந்த லேப்டாப்பின் திரையைப் பார்த்தார். அப்புறம் அவள் கன்னத்தைப் பார்த்தார்.

"யாராவது அடிச்சாங்களா?"

"பல்லு பிடுங்கினது சார்."

"சரி. கான்கிரீட் ஊத்தினது ஒரு குத்தமாம்மா? கட்டடம் கட்டறவன் அதைத்தானே ஊத்துவான்?"

"உள்ள போனவர் வெளிய வரலை சார்."

"சுவர் ஏறிக் குதிச்சிருப்பான். காணாம போனவர் உங்களுக்கு என்ன வேணும்?"

போனில் பேசுவார் என்று சொன்னால் சிரிப்பார்.

"அண்ணன்."

சொன்ன பிறகுதான் அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது.

இன்ஸ்பெக்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். "முதல்லயே சொல்ல வேண்டாமா? வாங்க."

* * *

கடைகளுக்கான கட்டடம். பாதி எழும்பி, கம்பிகள் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. கேட்டில் காக்கிச் சட்டை போட்ட வாட்ச்மேன் ஜீப்பைப் பார்த்ததும் சல்யூட் அடித்தார். ஒல்லியான ஆள். ஐம்பது வயதிருக்கும்.

"மேனேஜர் எங்கேப்பா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

வாட்ச்மேன் உள்ளே கையைக் காட்டினார்.

"இவங்க சாஃப்ட்வேர் கம்பெனி ஹெல்ப் டெஸ்க். இவங்களுக்கும் ஒரு ஹெல்மெட் குடு."

வாட்ச்மேனின் கை ஒரு கணம் அப்படியே நின்றது. அவளுடைய முகத்தை, வீங்கிய கன்னத்தைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு ஹெல்மெட்டை நீட்டினார்.

மேனேஜர் கொதித்துக்கொண்டிருந்தார்.

"நானே காலையிலேர்ந்து அதைத்தான் தேடிட்டிருக்கேன் சார்! எவன் ஊத்தச் சொன்னான் அந்தக் குழியில? நேத்து முழுக்க நான் வெளியூர் மீட்டிங்ல இருந்தேன். வந்து பார்த்தா குழியை மூடி வெச்சிருக்கான்."

"வெளிய போன பதிவு இல்லையே?" என்றாள் அவள்.

"மெஷின் ரிப்பேரா இருக்கும்."

"ரிப்பேர்னா எனக்குத்தான் போன் வரும். வரலை."

மேனேஜர் அவளை முறைத்தார். "இந்தம்மா எதுக்கு சார் இங்கே?"

"காணாம போனவரோட தங்கச்சி."

"தங்கச்சியா? காலையில அவன் பொண்டாட்டி வந்து அழுதுட்டுப் போனா. தங்கச்சி இருக்கறதா சொல்லலையே?"

"அவருக்குக் கல்யாணமே ஆகலை" என்றாள் அவள்.

"ரெண்டு தடவை ஆயிருக்கு மேடம்."

இன்ஸ்பெக்டர் மெதுவாக அவள் பக்கம் திரும்பினார்.

"உங்க அண்ணன் கல்யாணத்துக்கு உங்களைக் கூப்பிடலையா?"

அவள் கண்களில் நீர் முட்டியது.

"அண்ணன் இல்லை சார். யாரும் இல்லை. போன்ல பேசுவார். அவ்வளவுதான். ஆனா அவரைத் தேடறதுக்கு வேற யாரும் வர மாட்டாங்கன்னு..."



இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். திட்டத்தான் வாயைத் திறந்தார். திட்டவில்லை.

"பொய்யைச் சொல்லிட்டுக் கூட்டிட்டு வந்துட்டீங்க. சரி, வந்தது வந்தாச்சு." மேனேஜரிடம் திரும்பினார். "உடைங்க."

அடித்தளத்தில் டிரில் மெஷின்கள் அலறின. அவள் ஒரு தூண் ஓரமாய் நின்றாள். சத்தம் ஒவ்வொரு தடவையும் பல் பிடுங்கிய இடத்தில் போய்க் குத்தியது.

யாரோ அவளருகில் ஒரு நாற்காலியைப் போட்டார்கள். வாட்ச்மேன். கையில் குளிர்ந்த தண்ணீர் பாட்டில். அதைத் தன் கன்னத்தில் வைத்து அழுத்திக் காட்டிவிட்டு அவளிடம் நீட்டினார்.

"தாங்க்ஸ்."

அவர் பதில் சொல்லவில்லை. தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

பாட்டிலைக் கன்னத்தில் வைத்தாள். இதமாக இருந்தது. ஊமை போலிருக்கிறது, பாவம் என்று நினைத்தாள்.

டிரில் நின்றது.

"சார்... கை."

ஒரு தொழிலாளி குழியிலிருந்து தாவி வெளியே வந்தார். மற்றவர்கள் மண்வெட்டியோடு இறங்கி, கான்கிரீட்டுக்கு அடியில் உடலை மூடியிருந்த மணலை அள்ளினார்கள். கொஞ்ச நேரத்தில் ஓர் உடலைத் தூக்கித் தார்ப்பாயில் கிடத்தினார்கள். கனத்த உடம்பு. அடர்த்தியான மீசை. மண்டையின் பின்புறம் உடைந்திருந்தது. சட்டைப் பையில் அடையாள அட்டை.

"இவன்தான்" என்றார் மேனேஜர், வாயைப் பொத்திக்கொண்டு. "ஸ்டோர் கீப்பர்."

அவள் முதல் தடவையாய் அந்த முகத்தைப் பார்த்தாள்.

இத்தனை மாதம் பேசிய குரலுக்கு அவள் கொடுத்திருந்த முகம் இதுவல்ல. அதனால் என்ன? இனி இதுதான். இனிமேல் காலையில் போன் அடித்தால், அது வேறு யாரோ.

கால்கள் தாமாகவே பின்வாங்கின. ஓர் அடி. இன்னோர் அடி.

"மேடம், பின்னாடி போகாதீங்க!"

நின்றாள்.

குதிகாலுக்குப் பின்னால் வெறும் காற்று. இரண்டாவது லிஃப்ட் குழி. இன்னும் மூடாதது.

ஆனால் அவள் குழியைப் பார்க்கவில்லை.

அந்தக் குரல். மழையைப் பற்றியும் முதுகு வலியைப் பற்றியும் பேசிய குரல்.

செத்துப்போனவர் எதிரே தார்ப்பாயில் கிடந்தார். குரல் பக்கவாட்டிலிருந்து வந்தது.

திரும்பினாள்.

வாட்ச்மேன் கையை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தார். வாய் இன்னும் மூடவில்லை.

"ஸ்டோர் சார்..." என்றாள் அவள்.

அவர் நீட்டிய கை மெல்லக் கீழே இறங்கியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இன்ஸ்பெக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன நடக்குது இங்கே?"

"அவன் ஒரு நாளும் கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை சார்" என்றார் வாட்ச்மேன். தரையைப் பார்த்தே பேசினார். "குடிச்சிட்டு ஸ்டோர்லயே தூங்குவான். பாஸ்வேர்டை என்கிட்ட குடுத்துட்டான். நான்தான் எல்லாத்தையும் பதிவு பண்ணுவேன். சந்தேகம் வந்தா மேடத்துக்குப் போன் பண்ணுவேன். முதல் நாள், ஸ்டோர் சாரான்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன்."

"அப்புறம்?"

"நேத்துக் காலையில நான் பேசறதைப் பின்னாடி நின்னு கேட்டுட்டான். நாள் பூரா அதையே சொல்லிச் சொல்லிச் சிரிச்சான். எல்லாரும் வேலை முடிஞ்சு போனப்புறம் இங்க வந்து, இனிமே நானே பேசிக்கறேன், உன் வேலை கேட்டோட நிக்கட்டும்னான். மேடத்தைப் பத்தி ஒண்ணு சொன்னான். அதை நான் திருப்பிச் சொல்ல மாட்டேன்."

"அதனால கொன்னுட்டே."

"தள்ளினேன் சார். தள்ள மட்டும்தான் செஞ்சேன். குழிக்குள்ள விழுந்தான். தலை கம்பியில பட்டுது. இறங்கிப் பார்த்தேன். மூச்சு இல்லை."

"உடனே என்ன பண்ணே?"

வாட்ச்மேன் தலையை நிமிர்த்தினார்.

"போன் பண்ணேன். மேடத்துக்கு."

அவளுக்கு அந்தப் பேச்சு முழுவதும் காதில் ஒலித்தது. ஒவ்வொரு பட்டனாய்ச் சொல்லித் தந்தது. 'வந்துட்டுதா சார் அந்தப் பக்கம்? இப்ப அவசரம்னு இருக்கறதை அழுத்துங்க.' கடைசியில், எல்லாரிடமும் கேட்பதுபோல, 'வேற ஏதாவது உதவி வேணுமா சார்?' என்று கேட்டது.

'இல்லை மேடம். பல்லை மட்டும் இன்னிக்கே பிடுங்கிடுங்க.'

"நீங்க ஏன் போலீசுக்குச் சொல்லலை?" அவள் அவர் எதிரே குனிந்தாள். "தெரியாம நடந்ததுதானே? சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா, நான் ஸ்டோர் சார் இல்லைன்னு உங்களுக்குத் தெரிஞ்சுடுமே மேடம்."

 ஜீப்பில் கூட வந்திருந்த கான்ஸ்டபிள் கையைப் பிடித்தபோது வாட்ச்மேன் தானாகவே எழுந்து நடந்தார்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவரைக் காப்பாற்றத்தான் வந்தாள். அவரைப் பிடித்துக் கொடுத்துவிட்டாள். அந்தப் போன் குரலை அடையாளம் சொல்ல உலகத்திலேயே ஒருத்திதான் இருந்தாள்.

* * *

மறுநாள் காலை. அதே மேஜை.

ஸ்டோர் லாகினைப் பூட்டினாள். புதிய பாஸ்வேர்டை மேனேஜருக்கு அனுப்பினாள். பக்கத்து மேஜையில் யாரோ யாருக்கோ பிறந்த நாள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

டெலிபோன் அடித்தது.

வழக்கமான நேரம். எடுத்தாள்.

"ஹெல்ப் டெஸ்க்."

"இன்ஸ்பெக்டர் பேசறேன்மா. ஆள் எல்லாத்தையும் எழுதிக் குடுத்துட்டான். வக்கீல் வேணுமான்னு கேட்டேன், வேண்டாங்கறான். யாருக்காவது தகவல் சொல்லணுமான்னு கேட்டேன். அதுக்கு பதிலே காணோம்."

அவள் ரிசீவரை வீங்காத கன்னத்துப் பக்கம் மாற்றிக்கொண்டாள்.

"இன்னொரு விஷயம். கான்கிரீட் ஆர்டரும் கேட் பதிவும் கோர்ட்டுக்குப் போகும். உங்க சாஃப்ட்வேரைப் பத்தி நாலு கேள்வி கேட்பாங்க. கோளாறு ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எத்தனையோ பேருக்குப் பதில் சொன்ன அதே நிதானமான குரலில் சொன்னாள்.

"சிஸ்டத்துல ஒரு கோளாறும் இல்லை சார். யூசர்தான் வேற ஆளு."