இடதுபக்கப் பெட்டி

பாட்டு முடிந்து, ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கும் அணைந்த பிறகு, இடதுபக்க ஸ்பீக்கரின் காகிதக் கோன் மெல்ல உள்ளே போய், மெல்ல வெளியே வந்தது.

ஆறுச்சாமி அதைப் பார்த்தார். "மிச்சக் கரண்டு," என்று காலி வீட்டுக்கு விளக்கமும் சொன்னார். விளக்கம் சொல்லாமல் எதையும் அவர் விட்டுவைத்ததில்லை. பீளமேட்டில் ஒரு பம்பு கம்பெனியில் தர ஆய்வாளர் என்பது சம்பளத்துக்கான வேலை. மற்ற நேரத்தில் அவர் பேஸ், அதாவது பாட்டின் அடிச்சத்தம், கேட்கிறவர். பேஸ் கேட்கத் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் என்று மனிதகுலத்தை இரண்டாகப் பிரித்து வைத்திருந்தார். முதல் பிரிவில் அவரைத் தவிர யாரும் இதுவரை தேறவில்லை. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் இலையைப் பார்ப்பதற்கு முன் மண்டபத்துக் கூரையைப் பார்த்து, "எக்கோ அடிக்குது," என்பார். பக்கத்து இலைக்காரர் ரசத்தை வாங்கிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிடுவார்.

அந்த ஜோடி ஸ்பீக்கர், மூடிப்போன ஒரு மில்லின் மனமகிழ் மன்றத்தில் ஒட்டடையோடு கிடந்தது. முழங்கால் உயரத் தேக்குப் பெட்டி, சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் காகிதக் கோன். அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து, பெட்டியைத் துடைத்து மெருகேற்றி, கோனைச் சுற்றி மட்கிப்போயிருந்த விளிம்பைக் கோட்டைமேட்டு ரேடியோ மெக்கானிக் நாகூர் மீரானிடம் கொடுத்து மாற்றினார். பாட்டு வந்தது. பேஸ்தான் கட்டுக்குள் வரவில்லை. மிருதங்கம் அடித்தால், ஈரச் சாக்கைத் தட்டினதுபோல ஒரு சத்தம்.

"ஏனுங்க பாய், பேஸ் தொளதொளன்னு கெடக்குதே?"

"பெட்டி காலியா இருந்தா அப்படித்தானுங்கண்ணா. உள்ளார பஞ்சு வெச்சுப் பாருங்க, அடங்கிரும்."

"என்ன பஞ்சு?"

"பஞ்சுதானுங்க. அதுக்கு ஜாதகமா பாக்கப் போறீங்க?"

ஆறுச்சாமி பார்த்தார். புதுப் பஞ்சு துள்ளும். பல வருஷம் அமுங்கிப் பழகின இலவம் பஞ்சுதான் தாழ்ந்த சத்தத்தை உள்வாங்கும் என்பது அவர் சித்தாந்தம். அப்படிப்பட்ட பஞ்சு வீட்டிலேயே இருந்தது. பரணில், சுருட்டிக் கட்டிய மெத்தையாக.

அது அவருடைய அண்ணன் நாச்சிமுத்து ஆறு வருஷம் கிடந்து, போன ஆடியில் செத்துப்போன மெத்தை. செத்தவர் கிடந்த பாய் மெத்தையைச் சுடுகாட்டுப் பக்கம் கொண்டுபோய்க் கொளுத்துவதுதான் வழக்கம். நல்ல பஞ்சை எரிப்பது பகுத்தறிவுக்கு விரோதம் என்று ஆறுச்சாமி அதைப் பரணில் ஏற்றிவிட்டார். மனைவி சென்னியம்மாள் மட்டும் கேட்டாள். "கொளுத்திப்போட்டீங்கதானே?" கொஞ்ச நேரம் கழித்து வந்து மறுபடி கேட்டாள். "சாம்பலானதைக் கண்ணுல பாத்தீங்களா?" பார்த்தேன் என்று சொல்லிவிட்டார்.

அவள் கொடுமுடியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்த சமயம் பார்த்து மெத்தையைக் கிழித்தார். அடைத்த அடைப்பில் முழுப் பஞ்சும் இடதுபக்கப் பெட்டிக்கே சரியாகிவிட்டது. பேஸ் வந்தது. இறுக்கமாக, உருண்டையாக, நெஞ்சில் விரலை வைத்து அழுத்தினதுபோல வந்தது. சந்தோஷம் தாங்காமல் நாகூர் மீரானுக்கு டெலிஃபோன் போட்டு, ரிசீவரை ஸ்பீக்கருக்கு நேரே பிடித்தார்.

"ஃபோன்ல பேஸ் கேக்காதுங்கண்ணா," என்றான் அவன். "ஆனா யாரோ பக்கத்துல மூச்சு உடறாங்க. நீங்களுங்களா?"

அதற்கும் அப்போது ஒரு விளக்கம் சொன்னார்.

இன்றைக்குச் சாயங்காலம் சென்னியம்மாள் திரும்பி வருகிறாள். வெளியே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்தது. ஓட்டிலிருந்து சிமெண்டுத் தொட்டியில் விழும் தண்ணீர், தெருமுனைச் சேற்றைக் குழப்பிக்கொண்டு போகும் டவுன் பஸ், பக்கத்து வீட்டுக் குக்கர் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து ஒதுக்கிவிட்டு, அவற்றுக்கெல்லாம் அடியில், தரையோடு தரையாக ஊர்ந்து வந்த இன்னொன்றை அவர் காது பிடித்தது. அடிச்சத்தம் தேடிப் பழகின காது, பிடித்ததை விடத் தெரியவில்லை. நீளமாக இழுத்தது. கொஞ்சம் நின்றது. பிறகு ஈரத்துணி வழியாகக் காற்றைப் பிழிவதுபோல விட்டது. கடைசியில் சின்னதாக ஒரு விசில்.

அந்த விசிலுக்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை.

அண்ணன் நாச்சிமுத்து ஒரு பஞ்சு மில்லில், பொதிப் பஞ்சைப் பிரித்து ஊதும் ப்ளோரூமில், மீசை முளைத்த நாள் முதல் நின்றவர். தின்ற தூசெல்லாம் நெஞ்சில் கட்டிக்கொண்டது. கடைசி வருஷங்களில் பின்னறையில் ஈளை இழுத்தபடி கிடந்தார். படுத்தால் மூச்சு வராது. "அம்மணீ..." என்பார். சென்னியம்மாள் எழுந்து போய், தூக்கி உட்காரவைத்து, தன் தோளில் சாய்த்துக்கொண்டு, விடிகிற வரைக்கும் முதுகை நீவிவிடுவாள். புருஷனின் அண்ணன் எதிரில் உட்காரவே கூசுகிறவள். அந்தக் கூச்சத்தையும் ஈளை தின்றுவிட்டது. ஆறுச்சாமி அடுத்த அறையில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு இசை ஆராய்ச்சியில் இருப்பார். அண்ணன் போன பிறகும், அவள் பாதித் தூக்கத்தில் எழுந்து பின்னறை வாசலில் போய் நிற்பாள். இந்தப் புரட்டாசிக்கு மேல்தான் அடித்துப்போட்டதுபோலத் தூங்க ஆரம்பித்திருந்தாள். சமையலறையில் எதையோ நினைத்துத் தனியாகச் சிரிக்கவும் செய்தாள்.

அவள் இதைக் கேட்கக் கூடாது. வருவதற்குள் பஞ்சு மொத்தமும் சாம்பலாகிவிட வேண்டும்.

டெலிஃபோன் அடித்தது.

"நானுங்க. காந்திபுரம் வந்துட்டனுங்க, பூத்துல இருந்து பேசறேன்."

"மழை உட்டப்பொறம் வா, சென்னி. என்ன அவசரம்?"

"ஏனுங்க, இத்தன நாளு மெஸ்ஸு சோறு தின்னது பத்தலீங்களா? தங்கச்சி நெய் குடுத்துவுட்டிருக்கறா. உங்களுக்குன்னு சொல்லித்தான் குடுத்தா, ஆனா பாதி எனக்கு." சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "ஏனுங்க... அங்க யாரு மூச்சு இளைக்கறது?"

"யாருமில்ல. ஸ்பீக்கரு. பேஸு அது."

மறுமுனையில் ரிசீவரைக் காதோடு அழுத்தும் உரசல் கேட்டது.

"இதோ வாரேனுங்க," என்றாள், மிகவும் மெதுவாக. ஃபோன் வைக்கப்பட்டது.

அதைத் தன்னிடம்தான் சொன்னாளா என்பது ஆறுச்சாமிக்கு விளங்கவில்லை.

ஒயரைப் பிடுங்கி எறிந்தார். பெட்டியைக் கோன் தரையைப் பார்க்கக் கவிழ்த்துப் போட்டு, ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். கவிழ்த்ததும் இழுப்பு மோசமானது. பெட்டி தரையிலிருந்து ஒரு மயிரிழை எழுந்தது, அமர்ந்தது. அந்நேரம் பார்த்துக் கரண்டும் போனது. மெழுகுவத்தியைக் கொளுத்தித் தரையில் நிறுத்திவிட்டு, திருகுகளைக் கழற்றினார். கை வழுக்கியது. பின்பலகை வந்தது.

நீலகிரித் தைல வாசனை. அதற்கடியில் பழைய சளி வாசனை.

கையை உள்ளே விட்டார். பஞ்சு சூடாக இருந்தது. நனைந்திருந்தது. பிடித்த பிடியில், கோழிக்குஞ்சு மாதிரி, துடித்தது. உருவி எறிந்தார். இன்னொரு கை. இன்னொன்று. தரையெல்லாம் பஞ்சு. மூக்கில் பஞ்சு. கடைசித் திரளையும் பிய்த்து எடுத்தார்.

காலி. வெறும் பலகை. காந்தம். அதைச் சுற்றிக் காகிதக் கோனின் பின்பக்கம், ஒரு நெஞ்சின் உட்பக்கம்போல.

எழுந்தது.

தாழ்ந்தது.

எழுந்தது.

விளக்கம் வரவில்லை. வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. பெட்டிக்கு மட்டும் வந்தது.

"அம்மணீ..."

வெளியே கேட் கிரீச்சிட்டது.

ஆறுச்சாமி ஓடிப்போய் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "உள்ள வராத. சென்னி, சொன்னாக் கேளு. தங்கச்சி ஊட்டுக்கே போயிரு." அவள் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. நெய்த் தூக்கை அவர் கையில் கொடுத்தாள், வழியில் நிற்கும் பிள்ளையை நகர்த்துவதுபோல அவரை ஒதுக்கினாள், உள்ளே போனாள். தரை முழுக்கக் கிடந்த பஞ்சை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மிதித்துக்கொண்டே போனாள்.

"இப்படிக் கவுத்துப் போட்டிருக்கறீங்களே," என்றாள். குரலில் கோபமே இல்லை. தூக்கம் கலைந்தவளின் பழைய அலுப்பு மட்டும். "மாமாவுக்கு மூச்சு எப்படீங்க வரும்?"

"அது வெறும் பெட்டி, புள்ள. காலி. உள்ள பாரு, ஒண்ணுமில்ல."

"வெளக்கமெல்லாம் பொறவு சொல்லுங்க."

உட்கார்ந்தாள். பழகின கைகளால் தூக்கி நிமிர்த்தி, தன் தோளில் சாய்த்துக்கொண்டு, தலையைத் தேக்குப் பலகையில் வைத்தாள். கண்ணை மூடினாள். விசில் அடங்கியது. இழுப்பு அடங்கியது. ஆழமாக, சுத்தமாக, ஒரு பிசிறில்லாமல், தரைக்கடியிலிருந்து வருவதுபோல வந்தது மூச்சு. ஆறுச்சாமி ஆயுள் முழுக்கத் தேடிய பேஸ் அதுதான்.

"சென்னி?"



மெழுகுவத்தியை எடுத்துக்கொண்டு கிட்டே போனார். கோனுக்கு முன்னால் சுடர் உள்பக்கமாகச் சாய்ந்தது. நிமிர்ந்தது. வெளிப்பக்கமாகச் சாய்ந்தது. அதை அவள் மூக்கருகே கொண்டு போனார்.

சுடர் நேராக நின்றது.

நின்றது.

நின்றுகொண்டே இருந்தது. அவள் கை மட்டும், பின்பலகை இல்லாத அந்த வெற்றிடத்தில், எதன்மேலோ அழுந்தி, மேலும் கீழுமாக நீவிக்கொண்டிருந்தது.