மூலை மேசைப் பரமேஸ்வரன்

"ஒரு ஆளைக் கண்டுபிடிச்சுத் தரோணும் அங்கிள். ஞாயிற்றுக்கிழமைக்கு முதல்," என்றாள் ஷெறோன், கதிரையில் உட்காருமுன்பே.

தோர்ண்டன் ஹீத்தில் மரக்கறிக் கடை ஒன்றுக்கு மேலே இருந்தது நவரத்தினத்தின் அறை. முப்பது வருடம் காப்புறுதிக் கம்பெனி ஒன்றில் விபத்துக் கதைகளைக் கேட்டு எது மெய், எது புளுகு என்று பிரித்தவர். ஓய்வு பெற்ற பிறகு நம்மவர்களின் சிக்கல்களை அவிழ்த்துக் கொடுக்கிறார். பேச்சு குறைந்த மனிதர். அந்தக் குறையை நிரப்ப றெஜினா இருந்தாள். பிளவுஸ் தைப்பது அவள் தொழில். துப்பறிவதில் அவளுக்கு ஒரு பைத்தியம். ஆறு வருடமாக வீட்டில் தையல் மெஷினும் அவளும் மட்டும்தான் என்பதால், அழைக்காமலே வந்து தேத்தண்ணி போட்டுக்கொண்டு நிற்பாள்.

"ஆறுதலா இருந்து சொல்லுங்கோ பிள்ளை," என்றார் நவரத்தினம்.

ஷெறோன் சொன்னாள். மோர்டனில் இருக்கிறாள். கணவனுக்கு டொரொண்டோவில் வேலை கிடைத்துவிட்டது, ஞாயிறு விமானம். அப்பா செபமாலைமுத்து இங்கேயே தனிவீட்டில் இருக்கிறார், கனடாக் குளிருக்கு வரமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். தை மாதம் குளியலறையில் மயங்கி விழுந்தார். தன்னிடம் வீட்டுத் திறப்பு இருந்தபடியால் கதவைத் திறந்து ஆளைக் காப்பாற்றினாள்.

"இனி அந்தத் திறப்பை இஞ்சை ஆரிட்டையாவது குடுத்துட்டுத்தான் நான் பிளேன் ஏறலாம். அப்பாவுக்கு இருக்கிறது ஒரே ஒரு சிநேகிதர். பரமேஸ்வரன் எண்டு பேர். கிளாக் டவர் பக்கத்துப் பப்பிலை ஒவ்வொரு வெள்ளியும் ரெண்டு பேரும் மத்தியானச் சாப்பாடு. மூண்டு மணித்தியாலம் இருந்து கதைப்பினமாம். அவர் இருக்கிறார் எண்ட துணிவிலைதான் நான் போகவே சம்மதிச்சன்."

"பிறகென்ன, குடுக்கிறதுதானே?" என்றாள் றெஜினா.

"ஆளைக் கண்டால்தானே அன்ரி! ஒரு வருசமா ஒளிச்சு விளையாடுறார். போனும் வச்சிருக்கிறேல்லையாம். போன கிழமை லீவு போட்டுட்டு ஓடிப்போனன். மேசையிலை அவரின்ரை தண்ணிக் கிளாஸ் இருக்கு, கதிரையிலை அவரின்ரை கோட் இருக்கு, ஆளைக் காணேல்லை. 'இப்பதான் வெளியிலை போனவர்' எண்டார் அப்பா. அரை மணித்தியாலம் நிண்டும் வரேல்லை. இப்ப எனக்குப் பயமாக்கிடக்கு. நல்ல மனுசன் ஏன் ஒளிக்கவேணும்?"

அப்பா அனுப்பிய செய்திகளைக் கைபேசியில் காட்டினாள். றெஜினா உரக்க வாசித்தாள். 'பரமேஸ்வரன் இண்டைக்கு நல்ல பகிடி விட்டார்.' 'பரமேஸ்வரன் தன்ரை மீனை முடிச்சிட்டு என்ரை தட்டிலையும் கை வச்சார்.' 'பரமேஸ்வரன் கந்தசட்டிக்கு ஆறு நாளும் பட்டினி. நெத்தி நிறையத் திருநீறு. அப்பிடிப் பக்தியான மனுசன், நீ யோசிக்காதை.' ஒரு வருடம் முழுக்க இப்படியே போனது.

"கோயில்லை விசாரிச்சியளோ?" என்று கேட்டார் நவரத்தினம்.

"பிளேஸ்டோப் பக்கத்துக் கோயில் எண்டு அப்பா சொன்னவர். அங்கை மூண்டு பரமேஸ்வரன்மார். மூண்டு பேருக்கும் அப்பாவைத் தெரியாது. எங்கட சேர்ச்சிலை தமிழ்ப் பூசைக்கு வாற ஆள் எண்டால் ஒரு நிமிசத்திலை பிடிச்சிருப்பன்."

நவரத்தினம் கைபேசியைத் திரும்ப வாங்கி, இரண்டு செய்திகளை மட்டும் இன்னொரு முறை படித்தார். "அம்மா தவறி எவ்வளவு காலம்?" என்று கேட்டார்.

"நாலு வருசம். ஏன் அங்கிள்?"

"சும்மா கேட்டனான். இண்டைக்கும் வெள்ளிதானே. நாங்கள் போய்ப் பாக்கிறம். நீங்கள் கூப்பிடு தூரத்திலை நில்லுங்கோ."

பன்னிரண்டரைக்கே இருவரும் பப்பில் இருந்தார்கள். கருப்பேறிய மரச்சுவர், பூப்போட்ட கம்பளம், எரியாத கணப்பு. ஆளுக்கு ஒரு மேசையாகக் கிழவர்கள் சிதறி இருந்தார்கள். ஒருவர் செய்தித்தாளில் கட்டங்களை நிரப்பினார், இன்னொருவர் தன் நாயோடு பேசினார். சாப்பிட வந்தவர்களா, வீட்டிலிருந்து தப்பி வந்தவர்களா என்று றெஜினாவுக்குச் சந்தேகமாயிருந்தது.

இந்த ஆங்கிலேயப் பப்புகளில் மேசைக்கு வந்து யாரும் கேட்கமாட்டார்கள். பாருக்குப் போய், மேசை இலக்கத்தைச் சொல்லி, காசைக் கட்டிவிட்டு, கத்தி முள்ளுக்கரண்டியையும் நாமே எடுத்துவர வேண்டும். றெஜினா தனக்கு மீனும் சிப்ஸும் சொன்னாள். நவரத்தினம் சிப்ஸ் மட்டும் என்றவர், மீன் பொரிக்கிற அதே எண்ணெயா என்று விசாரித்தார். ஆம் என்றார் பார்க்காரர். உடனே அதையும் விட்டுவிட்டு, அவித்த உருளைக்கிழங்கும் பீன்ஸும் போதும் என்றார்.

"ஐயோ அண்ணை, இவ்வளவு நல்ல மீனை விட்டிட்டுக் கிழங்கைத் தின்னுறியளே! வெள்ளி எண்டால் எங்கட வீட்டிலை சின்னனிலை இருந்தே மீன்தான். இறைச்சி தொடக்கூடாது எண்டு அம்மா அடிப்பா."

"நீங்கள் சாப்பிடுங்கோ," என்று சிரித்தார் அவர்.

சரியாக ஒரு மணிக்குச் செபமாலைமுத்து வந்தார். ஷெறோன் காட்டிய படத்தில் இருந்ததைவிட மெலிந்திருந்தார். மண்ணிறக் கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை பூட்டியிருந்தார். பாரில் மீனுக்குச் சொல்லிவிட்டு, இரண்டு கிளாஸ் தண்ணீர் வாங்கிக்கொண்டு மூலை மேசைக்குப் போனார். இவர்கள் இருந்த இடத்திலிருந்து அவர் முகம் தெரிந்தது. எதிர்ப்பக்கக் கதிரையை ஒரு வாங்கின் உயரமான முதுகுப்பலகை மறைத்தது. சிறிது நேரத்தில் அவர் தலையை ஆட்டி எதையோ சொல்லிச் சிரித்தார்.

"அண்ணை, ஆள் இருக்கு!" என்று றெஜினா கிசுகிசுத்தாள். கழிப்பறைக்குப் போகிற சாட்டில் எழும்பி, அந்த மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தாள். திரும்பியபோது முகம் சிவந்திருந்தது. "ஆளைக் காணேல்லை. ஆனா கதிரையிலை மண்ணிறக் கோட் தொங்குது. கிளாஸிலை தண்ணி முட்ட முட்ட இருக்கு, கிளாஸுக்கு அடியிலை வைக்கிற பியர் மட்டையாலை மேலை மூடிக்கிடக்கு. பார்க்காரரிட்டைக் கேட்டனான். கிளாஸை மட்டையாலை மூடினால், வெளியிலை போன ஆள் திரும்பி வாறார், கதிரையை எடுக்காதையுங்கோ எண்டு அர்த்தமாம். எங்களைக் கண்டிட்டு நழுவியிட்டான், பாருங்கோவன்! நான் வாசல்லை நிக்கிறன்."

நவரத்தினம் தடுக்கவில்லை. முக்கால் மணித்தியாலம் அவள் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு நடைபாதையில் நின்றாள். காது விறைத்தது. பஸ்கள் வந்தன, போயின. நெற்றியில் திருநீறு பூசிய ஒரு ஆள்கூட வரவில்லை. இவ்வளவு குளிரில் யாரோ ஒருத்தருக்காகக் காத்து நின்று எத்தனை காலமாயிற்று என்று நினைத்தபோது, அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

உள்ளே வந்தால் அவளுடைய மீன் ஆறிப் போயிருந்தது. செபமாலைமுத்துவோ இன்னும் பாதித் தட்டைத் தாண்டவில்லை. மீனை நகமளவு பிய்த்து, வினாகிரியில் தொட்டு, ஆற அமர மென்றார். நவரத்தினம் கைபேசியை மூடி வைத்தார்.

"ஷெறோனை வரச் சொல்லியிட்டன்."

"ஆள் பிடிபடேல்லையே அண்ணை!"

"பிடிச்சாச்சு."

ஷெறோன் வந்ததும் மூவரும் மூலை மேசைக்குப் போனார்கள். மகளைக் கண்ட செபமாலைமுத்து முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார்.

"பரமேஸ்வரன் இப்பதான் வெளியிலை..." என்று தொடங்கினார்.

"ஐயா, என்ரை பேர் நவரத்தினம். ஒண்டு சொல்லலாமோ?" நவரத்தினம் அந்தக் கோட்டை எடுத்துப் பக்குவமாக மடித்து, செபமாலைமுத்துவின் பக்கத்தில் வைத்தார். "இது உங்கட கோட். வரேக்கை போட்டுக்கொண்டு வந்தியள். றெஜினா உங்களைப் பாத்தாவே தவிர, நீங்கள் போட்டிருந்ததைப் பாக்கேல்லை. இந்தக் குளிருக்கை கோட்டைக் கழட்டி வச்சிட்டு வெளியிலை போய் முக்கால் மணித்தியாலம் நிக்கிற மனுசன் ஆர்?"

ஷெறோன் அப்பாவைப் பார்த்தாள். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கிளாஸ் வாய்வரைக்கும் நிரம்பிக் கிடக்கு. ஒரு மிடறும் குறையேல்லை. மட்டையை வச்சது கதிரையைக் காப்பாத்த. தனிய இருக்கிற ஆளிட்டை வந்து, இதிலை ஆரும் இருக்கினமோ எண்டு கேட்டுக் கதிரையைத் தூக்கிக்கொண்டு போறது இஞ்சை வழக்கம். ஆனா பிள்ளை, எனக்கு விசயம் விளங்கினது இஞ்சை வரமுதலே. நீங்கள் காட்டின செய்தியிலை."

"செய்தியிலை என்ன பிழை?" என்றாள் றெஜினா, பொறுக்கமாட்டாமல்.

"கந்தசட்டிக்கு ஆறு நாள் பட்டினி கிடக்கிற சைவக்காரன், வெள்ளிக்கிழமையிலை மீன் திண்டிருக்கிறார். ஒரு வருசமா, ஒவ்வொரு வெள்ளியும். எங்கட வீடுகளிலை வெள்ளி எண்டால் மச்சச் சட்டியே அடுப்பிலை ஏறாது. நான் இண்டைக்குக் கிழங்கு திண்டது அதுக்குத்தான். கத்தோலிக்கரான உங்களுக்கோ வெள்ளியும் மீனும் ஒட்டிப் பிறந்தது, பிழையாத் தெரியாது. றெஜினாவுக்கும் தெரியேல்லை, ஷெறோனுக்கும் தெரியேல்லை. அப்ப இந்தப் பரமேஸ்வரனை உண்டாக்கினதும் ஒரு வேதக்காரர்தான். தமிழ்ப் பூசைக்கு வாற ஆள் எண்டு சொன்னால் மகள் அண்டைக்கே பிடிச்சிடுவா. அதாலை அவரைச் சைவமாக்க வேண்டி வந்தது."

செபமாலைமுத்து மீன் தட்டைச் சற்றே தள்ளிவைத்தார். "நல்ல பக்தியான மனுசன் எண்டு காட்டத்தான் மீன் குடுத்தனான்," என்றார் மெல்ல.

சிரிப்பு வரவேண்டிய இடம். ஆனால் றெஜினாவால் சிரிக்க முடியவில்லை.

"ஏனப்பா?" என்றாள் ஷெறோன். "ஒரு வருசம் முழுக்கத் தனியவோ இருந்து சாப்பிட்டனீங்கள்?"

"நாலு வருசம்," என்றார் அவர். "உவர் வந்தது போன வருசம். மருமோனுக்குக் கனடா வேலைக் கதை வந்தபிறகு. 'அப்பாவைத் தனிய விட்டிட்டு வரமாட்டன்' எண்டு நீ போனிலை அழுதது எனக்குக் கேட்டது. இன்னும் ரெண்டு நாள், பிள்ளை. ரெண்டே ரெண்டு நாள் இந்த மனுசன் சும்மா இருந்திருந்தால் நீ போயிருப்பாய்."

"நான் போகேல்லை. ரிக்கெட்டைக் கான்சல் பண்ணுறன்."

"விசர்க்கதை கதையாதை!" கிழவர் மேசையில் தட்டியதில் கிளாஸ் தண்ணீர் சிந்தியது. பக்கத்து மேசை நாய் தலைநிமிர்ந்தது. "உன்ரை வீட்டிலை உன்ரை பிள்ளையளோடை நீ இருக்கிறாய் எண்டால் நான் நிம்மதியாச் சாவன். எனக்காக நீ இஞ்சை கிடந்தால், அந்த நிம்மதியும் இல்லை. மூண்டு மணித்தியாலம் ஏன் சாப்பிடுறன் தெரியுமே? தட்டு முடிஞ்சால் வீட்டை போகவேணும். வீட்டை ஒருத்தரும் இல்லை. நீ நிண்டாலும் கிழமையிலை ஒருக்காத்தானே வருவாய். அதுக்காகப் புருசன் அங்கை, நீ இஞ்சையோ?"

ஷெறோன் கைப்பைக்குள் திறப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள். கண்டுபிடித்துச் சொல்வதோடு தன் வேலை முடிந்துவிட்டது என்பதும், இந்த இடத்தில் எதுவும் முடியவில்லை என்பதும் நவரத்தினத்தின் முகத்தில் தெரிந்தது.

"எந்த ரோட் ஐயா உங்கட வீடு?" என்று கேட்டாள் றெஜினா.

அவர் சொன்னார். அவளுடைய வீட்டிலிருந்து இரண்டு தெரு. கையை நீட்டினாள். "திறப்பை இஞ்சை தாங்கோ பிள்ளை. காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா எட்டிப் பாக்கிறன்."

"வேண்டாம், வேண்டாம்," என்று பதறினார் செபமாலைமுத்து. "முன்பின் தெரியாத ஆக்களுக்கு என்னாலை ஏன் தொந்தரவு, கரைச்சல்?"

றெஜினாவுக்கு எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ! பரமேஸ்வரனின் கதிரையை இழுத்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"கரைச்சல் தாங்கோ ஐயா," என்றாள். "என்னை ஒருத்தர் கரைச்சல்படுத்தி ஆறு வருசமாச்சு."

ஷெறோன் கண்ணைத் துடைத்துவிட்டு, வளையத்திலிருந்து திறப்பைக் கழற்றத் தொடங்கினாள்.