ஐந்தாவது கிணற்றின் களிமண்

'இந்தக் காப்பியில் அரளி விதையை அரைத்துப் போட்டிருக்கலாம்...'

தேவகிருபை நினைத்துக்கொண்டாள்.

'ஆனால் அது சீக்கிரம் முடிந்துவிடும். இவனுக்குச் சீக்கிரம் கூடாது!'

சர்க்கரையை மட்டும் போட்டுக் கலக்கினாள். கோப்பையை நீட்டினாள்.

வெள்ளத்துரை வாங்கி உறிஞ்சினான்.

"உன் கைக் காப்பிக்கு ராயபுரத்துலயே ஈடு கிடையாது தங்கச்சி!"

போன தடவை வந்தபோதும் இதையேதான் சொன்னான். மோட்டாரைத் தானே ஓட்டிக்கொண்டு, துணைக்கு ஒருத்தரும் இல்லாமல் வருவான். வருவான், குடிப்பான், புகழ்வான்.

அவன் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போனது.

"ஓடலியே?"

"நிப்பாட்டிட்டேன் அண்ணாச்சி. அவிய போன அன்னிக்கு."

"ச்சு... ச்சு..." என்றான். துக்கத்துக்கு அவனிடம் அவ்வளவுதான் சில்லறை இருந்தது.

அவிய என்றால் ஞானாபரணம். அவள் புருஷன். எண்ணூர்ப் பாலக் கம்பெனியின் எஞ்சினியர். கம்பெனியில் வெள்ளத்துரையின் கூட்டாளி.

எண்ணூர்க் கழிமுகத்தின் குறுக்கே ஒரு பாலம். பாதிப் பணம் சர்க்கார், பாதிப் பணம் கம்பெனி. கட்டி முடித்தால் முப்பது வருஷம் கம்பெனியே பாலத்தில் வண்டிச் சுங்கம் வசூலித்துக்கொள்ளலாம். சர்க்கார் பணம் வருவதற்கு முன், தூண்களுக்கு அடியில் இறக்கும் அஸ்திவாரக் கிணறுகள் சரியாக இருக்கின்றன என்று பங்குதாரர் இருவரும் உறுதி சொல்ல வேண்டும்.

ஒருவர் வெள்ளத்துரை.

இன்னொருவர்... இப்போது தேவகிருபை!

"நாளைக்கு சர்க்கார் எஞ்சினியர் வாராரு. நீ ஒரு கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்."

"போடுதேன் அண்ணாச்சி. கிணத்தடி மண்ண ஒருக்கா கண்ணால பாத்துட்டு."

கோப்பை பாதியில் நின்றது.

"உனக்கு எதுக்கும்மா அந்தச் சேத்து வேலை? என் வார்த்தை போதாதா?"

"அவிய இருந்தா பாத்திருப்பாவல்லா? ஒரு பிடி மண்ணு... அஞ்சாவது கிணத்துல. அங்கதான அவிய விழுந்தது?"

வெள்ளத்துரை அவள் முகத்தையே பார்த்தான். வெள்ளைச் சேலை. குனிந்த தலை. புருஷன் செத்த இடத்தைப் பார்க்க ஆசைப்படும் ஒரு பொம்பளை... அவ்வளவுதான்!

சிரித்தான்.

"ஒண்ணு என்ன, ரெண்டு பிடி எடுத்துக் காட்டச் சொல்லுதேன்!"

மோட்டார் சத்தம் தேய்ந்தது.

தேவகிருபை அலமாரியைத் திறந்தாள். புருஷனின் மூக்குக் கண்ணாடிக் கூடு. அதற்குள் கண்ணாடி இல்லை.

காய்ந்த களிமண் உருண்டை!

ஐந்தாவது கிணற்றில் மிதந்த உடம்பைத் தூக்கி வந்து கிடத்தினார்கள். கால் தவறி விழுந்தார் என்றது போலீஸ். குளிப்பாட்டும்போது அவர் வலது கை மட்டும் விரியவில்லை. தாலி கட்டிய கை. அவள் ஒவ்வொரு விரலாக, கெஞ்சிக் கெஞ்சிப் பிரித்தாள். உள்ளே இதுதான் இருந்தது. ஐந்து விரலின் அச்சும் அதில் இருந்தது.

அன்றிலிருந்து அவள் அழவில்லை. அது அவளுக்கே பயமாக இருந்தது. கோயிலில் ஜெபம் சொல்லும்போது, மன்னிக்கிற இடம் வந்தால் மட்டும் அவள் உதடு மூடிக்கொண்டது. 'நான் கெட்டவளாகிக்கொண்டு வருகிறேனோ?' என்று கேட்டுக்கொண்டாள்.

பதில் வந்தது. 'ஆமாம்.'

வருத்தம் வரவில்லை!

*

எண்ணூர்.

உப்புக் காற்று. காத்திவாக்கத்து இறால் கூடைக்காரிகள் கரையில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

தண்ணீருக்கு நடுவே வரிசையாகச் செங்கல் கிணறுகள். அடி மண்ணைத் தோண்டத் தோண்ட, கட்டின கிணறு தானாகக் கீழே இறங்கும். மணலைத் தாண்டிக் களிமண்ணில் போய் உட்கார வேண்டும். அதன் மேல்தான் தூண். மணலில் நின்றுவிட்டால்... ஒரு வெள்ளம் போதும். தூண் பாலத்தோடு போய்விடும்!

கரையிலிருந்து ஐந்தாவது கிணற்றுக்குப் பலகைப் பாதை போட்டிருந்தார்கள். சர்க்கார் எஞ்சினியர் குடை பிடித்து நின்றார். பக்கத்தில் இன்ஸ்பெக்டர் லியாகத் அலியும் ஒரு கான்ஸ்டபிளும்.

வெள்ளத்துரையின் புருவம் ஏறியது. "போலீஸ் எதுக்கு?"

"நான்தான் வரச் சொன்னேன் அண்ணாச்சி. அவிய விழுந்த இடம்... எனக்குத் தலை சுத்தினா புடிக்க ஆள் வேணாமா?"

கிணற்றின் விளிம்பில் லட்சுமணன் தயாராக நின்றான். முக்குளிக்கிறவன். வெள்ளத்துரையின் ஆள்.

"இன்னாமா, ஒரு கை மண்ணுதானே? கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள கொணாந்துர்றேன்!"

குதித்தான்.

தண்ணீர் மூடிக்கொண்டது. குமிழிகள்... ஒன்று... இரண்டு...

தேவகிருபை அந்தக் கறுப்பு வட்டத்தையே பார்த்தாள். 'இதற்குள் இருந்துதானே கூப்பிட்டிருப்பார்? என்னையா? கர்த்தரையா?'

லட்சுமணன் தலை தூக்கினான். கையை உயர்த்தினான். கொழகொழவென்று களிமண்!

"பார்த்துக்குங்க! அசல் களிமண்ணு!" வெள்ளத்துரை கைதட்டினான்.

எஞ்சினியர் தலையாட்டினார். "பேஷ்! போதும். அம்மா, கையெழுத்துப் போடலாமா?"

"ஒரு நிமிஷம் அய்யா."

தேவகிருபை அந்த மண்ணை வாங்கினாள். விரலால் மெல்லப் பிரித்தாள். அதற்குள் பொன்னிறமாக ஏதோ மின்னியது.

"அண்ணாச்சி, இது என்ன?"

"என்ன?"

"உமி."

விரல் நுனியில் எடுத்துக் காட்டினாள்.

"செங்கச் சூளையிலதான் களிமண்ணுல உமியப் போட்டு மிதிப்பாவ. கடலுக்கு அடியில நீங்க எப்போ நெல்லு அறுத்திய?"

கூடைக்காரி ஒருத்தி பக்கென்று சிரித்துவிட்டாள்.

எஞ்சினியரின் குடை கீழே இறங்கியது. மண்ணைப் பிடுங்கிப் பார்த்தார். முகம் சிவந்தது.

"அவன் இடுப்பைச் சோதிங்க இன்ஸ்பெக்டர்!"

ஈரத் துணி மடிப்பில் மிச்சச் சூளைமண் ஒட்டிக்கொண்டிருந்தது. கிணற்றடியில் களிமண்ணே இல்லை; கொண்டு போன மண்ணையே கொண்டு வந்திருக்கிறான்!

வெள்ளத்துரை சட்டென்று சமாளித்தான். "அடப்பாவி! என்னையும் ஏமாத்திட்டானே! ஆழத்துக்கு பயந்துகிட்டு..."

"இன்னும் ஒண்ணு இருக்கு."

தேவகிருபை கண்ணாடிக் கூட்டைத் திறந்தாள்.

"இன்ஸ்பெக்டரய்யா, என் வீட்டுக்காரர் செத்தப்ப கையில இது இருந்தது. இதுலயும் உமி. அவிய திருட்டுத்தனத்தக் கண்டுபிடிச்சாவ. மண்ண விடாம இறுக்கிப் புடிச்சிருந்தாவ. எத வச்சுக் கண்டுபிடிச்சாவன்னு சொல்லுறதுக்குள்ள கொன்னுட்டானுவ. கொன்னவனுவளுக்கு அது தெரியாததுனாலதான் இன்னைக்கும் அதே சூளை மண்ணு!"

லியாகத் அலி உருண்டையைப் பார்த்தார். விரல் அச்சுகளைப் பார்த்தார். லட்சுமணனைப் பார்த்தார்.

லட்சுமணன் ஓடினான்!

பலகை குலுங்கியது. கான்ஸ்டபிள் காலை நீட்டினான். தொப்...!

லியாகத் அலி அவன் முதுகில் முழங்காலை வைத்து விலங்கை மாட்டினார். "எங்கடா நைனா ஓடுறே? கடல் அந்தப் பக்கம் கீது!"

"சாமி... நான் தள்ளல சாமி!"

"பின்னே யாரு?"

லட்சுமணனின் கண் உருண்டது. தூக்குக் கயிறு கண்ணில் தெரிந்தது. அவனுக்குத் தப்ப ஒரே ஒரு வழி.

"அவுருதான்! வெள்ளத்துர மொதலாளி! அன்னிக்கு சாய்ங்காலம் அவுரே வந்து, அவுரு கையாலயே புடிச்சித் தள்ளுனாரு! நான் பேஜாராயி பாத்துகினு நின்னேன் சாமி!"

"பொய்!" வெள்ளத்துரை அலறினான். "நான் எண்ணூருக்கே வரல!"

"அப்ப எங்க இருந்தீங்க?"

"ராயபுரத்துல! இவ வீட்டுல! பொழுது சாயுறதுக்கு முன்ன வந்து, விளக்கு வச்சு ரொம்ப நேரம் கழிச்சுத்தான் போனேன்! தங்கச்சி, சொல்லு!"

எல்லோரும் தேவகிருபையைப் பார்த்தார்கள்.

ஆமாம்... வந்திருந்தான்.

ஞானாபரணத்துக்காகக் காத்திருப்பதாகச் சொல்லி உட்கார்ந்தான். காப்பி குடித்தான். கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, "மணி ஆறு", "மணி ஆறரை" என்று உரக்கச் சொன்னான். அப்போது புரியவில்லை. விரல்களைப் பிரித்தபோது புரிந்தது.

சாட்சி தேடி வந்திருக்கிறான். கொல்லச் சொன்ன மனுஷனின் பெண்டாட்டியையே சாட்சியாகப் பிடித்திருக்கிறான்! அவள் அவனுக்கு இரண்டாவது கோப்பை வேறு ஊற்றிக் கொடுத்தாள்.

அந்த இரண்டாவது கோப்பைக்காகத்தான் அவளால் தன்னையே மன்னிக்க முடியவில்லை.

வெள்ளத்துரை அவள் காலில் விழுந்தான். அவளுக்கு மட்டும் கேட்கும்படி கிசுகிசுத்தான்.

"சத்தியமாச் சொல்லுதேன் தங்கச்சி... நான் வாயால சொன்னதோட சரி. கை வச்சது அவன்தான். நீ ஒரு வார்த்தை சொல்லலேன்னா என்னையத் தூக்குல போட்டுருவாவ!"

ஆக, சொன்னது இவன்தான். அவன் வாயாலேயே வந்துவிட்டது.

தள்ளிய கை விலங்கில் இருந்தது. தள்ளச் சொன்ன வாய் மட்டும் வெளியே போக வழி கேட்டது. வழி அவள் நாக்கில் இருந்தது. ஒரே ஒரு வார்த்தை. அதுவும் உண்மையான வார்த்தை.

லியாகத் அலி கேட்டார். "அம்மா, அன்னிக்கு சாயங்காலம் இவரு உங்க வூட்ல இருந்தாரா?"

கிணற்றுத் தண்ணீர் அசையாமல் கிடந்தது.

தேவகிருபை தன் சேலை நுனியை அவன் விரல்களிலிருந்து மெல்ல உருவிக்கொண்டாள். ஒவ்வொரு விரலாக.

"அண்ணாச்சி எத்தனையோ நாள் வந்திருக்காவ அய்யா. எந்த நாள், எத்தனை மணின்னு நான் எப்படி உறுதி சொல்ல?"

"தங்கச்சி! கடியாரம்... நான் மணி சொன்னேனே!"

தேவகிருபை குனிந்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி, கோப்பையை நீட்டும் அதே மெல்லிய குரலில் சொன்னாள்.

"நீங்கதான் சொன்னிய, நான் பாக்கலியே அண்ணாச்சி. அடி வரைக்கும் சரி பாக்காத எதுக்கும் நான் கையெழுத்துப் போடுறதில்ல!"