நகம் வெட்ட இரண்டு பேர்

முள்ளெலி அவளுடைய சட்டையில் படுத்து நிம்மதியாகத் தூங்கியது. அவள் கையைக் கண்டால் மட்டும் சீறியது. அது ஏன் என்று மோரக்கிற்குப் புரியவில்லை.

புதிதாக வந்த முள்ளெலியைப் பழக்கும் வழி எளிது. அதற்குக் கண் மங்கல், எல்லாவற்றையும் மூக்கால்தான் அறியும். மூன்று நாள் உடுத்திய சட்டையைத் துவைக்காமல் கூண்டில் போட்டால், அந்த வாசனையோடு தூங்கி எழுந்து, அந்த வாசனைக்கு உரியவரை மெல்ல நம்பத் தொடங்கும். டர்னிப் கிழங்குபோல் உருண்டு கிடந்ததால், ஸ்காட்லாந்தில் அந்தக் கிழங்குக்குச் சொல்லும் நீப்ஸ் என்ற பெயரையே வைத்து, மூன்று இரவு போட்டுத் தூங்கிய சட்டையை மோரக் கொடுத்திருந்தாள். கூண்டின் சூடும் இருபத்தைந்து டிகிரிக்குக் குறையவில்லை. பதினெட்டு நாள் ஆயிற்று. இன்னமும் கை நீட்டினால் பந்தாகச் சுருண்டு, கெட்டிலில் தண்ணீர் கொதிக்கத் தொடங்குவதுபோல் சீறியது.

இதற்குள் வலது முன்காலின் நகம் ஒன்று வளைந்து பாதத்துக்குள்ளேயே இறங்கியிருந்தது. வெதுவெதுப்பான நீரில் விட்டாலும் சுருண்ட உடல் விரியவில்லை; மூக்கு முங்கியதுதான் மிச்சம்.

"மயக்க மருந்து இந்த எடைக்குத் தாங்காதும்மா," என்றார் கால்நடை மருத்துவர் போனில். "வெள்ளிக்கிழமைக்குள்ள வெட்டிருங்க, இல்லேன்னா சீழ் ஏறிரும். ஒருத்தர் பிடிக்கணும், ஒருத்தர் வெட்டணும். வீட்ல வேற யாரு இருக்காங்க?"

"நான் மட்டுந்தான்."

மோரக் வேலை பார்க்கும் மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் எதிரே நின்று போர்வை மடிக்கும் சென்கா இதைக் கேட்டுச் சிரித்தாள். "உன் மேல நம்ம சோப்பு நாத்தம் அடிக்குதுடி. என் புருஷனே என்னைக் கண்டா அப்படித்தான் சுருண்டுக்குவான். வேலைக்குப் போடுற சட்டையைக் குடுத்துப் பாரு."

கொடுத்தாள். சீறியது. ஞாயிறு முழுக்கப் போட்டுக்கொண்டு சோபாவில் உட்கார்ந்திருந்த சட்டை. அதற்கும் சீறியது. படுக்கைக்குப் போட்ட சட்டை என்றால் மட்டும் முட்கள் படிந்தன. அப்படியானால் வாசனை படுக்கையில் இருக்கிறது. மோரக் தன் தலையணை உறையைக் கழற்றிக் கொடுத்தாள். சீறல். பிறகு கட்டிலின் வலப்பக்கத் தலையணையின் உறை. யாரும் தலை வைக்காதது. நீப்ஸ் ஓடிவந்து அதை நக்கியது.

அவள் உறையை முகர்ந்தாள். பதினோரு வருடமாக அழுக்குத் துணி பிரிப்பவள். ஆள் படுத்த உறைக்கும் படுக்காத உறைக்கும் வேறுபாடு தெரியும். ஈரக் கம்பளி, பழைய புகையிலை, நாள்பட்ட வியர்வை. அவள் புகை பிடிப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை துவைத்துப் போட்ட உறை.

வாடகை வீட்டோடு வந்த அகலக் கட்டில் அது. மாலையில் அதன் நடுவில்தான் படுப்பாள். விடியுமுன் வேலைக்கு எழும்போது இடது விளிம்பில் கிடப்பாள், ஒரு கால் தொங்க, இடுப்பு மரத்து. அலுப்பு என்றே நினைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை. டண்டீ நகரில் குளிர்காலம், பகல் மூன்றரைக்கே இருட்டிவிட்டது. வீட்டை விட்டு ஓடிப்போகலாம் என்று தோன்றியது, ஆனால் கால்கள் சலித்துப்போயிருந்தன, நகத்தைச் சுற்றி நீப்ஸின் பாதம் சிவந்து வீங்கியிருந்தது. முள்பந்தைத் துவாலையில் ஏந்திவந்து கட்டிலின் வலப்பக்கம் வைத்தாள்.

சீறல் நின்றது.

மூக்கு வெளியே வந்தது. பிறகு கால்கள். நொண்டி நொண்டி ஏறியது. ஏறுவதற்கு அங்கே எதுவும் இல்லை. விரிப்புக்கு ஒரு சாண் மேலே காற்றில் நின்று, வயிற்றைப் பரப்பிப் படுத்தது. மெல்ல உயர்ந்தது. மெல்லத் தாழ்ந்தது. மறுபடி உயர்ந்தது.

வலது முன்கால் அவள் பக்கம் நீண்டது. பாதத்தின் அடியில் ஒரு கட்டைவிரல் அழுத்துவதுபோல் அமுங்கி, நகங்கள் விரிந்து நின்றன.

வழி இதுதான். ஒருவர் பிடிக்க வேண்டும், ஒருவர் வெட்ட வேண்டும். மோரக் வெட்டினாள்.