மேட்டில் ஏறிய கறை

நாகிசாவின் இடது குதிகாலில் இருந்த பழுப்புக் கறை, இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

ரிட்சுகோ தோலைப் பெரிதாக்கிக் காட்டும் டெர்மோஸ்கோப்பை அழுத்திப் பிடித்து மறுபடி பார்த்தாள். அந்த லென்ஸ் வழியே உள்ளங்கால் உழுத நிலம் மாதிரி தெரியும். ஒரு மேடு, ஒரு பள்ளம், ஒரு மேடு, ஒரு பள்ளம். நிறம் பள்ளத்தில் ஓடினால் வெறும் மச்சம், கவலையில்லாமல் வீட்டுக்குப் போகலாம். மேட்டில் ஏறி நின்றால் புற்றுநோய். அந்த மலையூர் மருத்துவக் கல்லூரியின் தோல் பிரிவில் சேர்கிற இளம் டாக்டர்களுக்கு முதல் வாரமே சொல்லித் தருவது இதைத்தான். அவர்கள் வருடம் முழுக்கத் தப்பாகச் சொல்வதும் இதையேதான். லென்ஸுக்குள் எது மேடு எது பள்ளம் என்பது லேசில் பிடிபடாது. வியர்வைத் துளைகள் மேட்டின் முதுகில்தான் வெள்ளைப் புள்ளிகளாக வரிசை கட்டும். அதைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

இங்கே தேடவே வேண்டியிருக்கவில்லை. பழுப்புக் கோடுகளின் மேலேயே வெள்ளைப் புள்ளிகள் நின்றன.

"என்னடி, தூங்கிட்டியா? கால் விறைக்குது" என்றாள் நாகிசா. பரிசோதனை மேஜையில் குப்புறப் படுத்துக்கொண்டு, மதியம் சாப்பிட நேரமில்லாமல் போன சோற்றுருண்டையை மென்றுகொண்டிருந்தாள். நோயாளிகள் எல்லாரும் போன பிறகு ஒருத்தி காலை ஒருத்தி பார்த்துப் பழகுவது அவர்கள் வழக்கம். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. சாயங்காலத்துக்கு முன்பே இருட்டிவிட்டது.

இரண்டு பேரும் ஒரே வசந்தத்தில் அங்கே டாக்டராகச் சேர்ந்தவர்கள். ஆனால் திங்கட்கிழமைக் கூட்டத்தில் திரையில் படம் முழுதாக விழுவதற்குள் நாகிசா "மேடு" என்பாள், "பள்ளம்" என்பாள். பேராசிரியர் தோகாஷி சென்செய் கண்ணை மூடித் தலையாட்டுவார். ரிட்சுகோ சொன்னால் மட்டும், "நிச்சயமாவா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு அவள் வயிறு பற்றி எரியும். ரிட்சுகோ விடிய விடிய மச்சப் படங்களைப் பார்த்துக் கண் பூத்துப்போனதுதான் மிச்சம். நாகிசாவோ வெள்ளி இரவெல்லாம் கரோக்கே பாடிவிட்டு வந்து சரியாகச் சொல்வாள். ஏப்ரலில் இருந்து மச்சப் பிரிவில் சென்செய் பக்கத்தில் ஒரு நாற்காலி. அது யாருக்கு என்று துடைக்க வருகிறவருக்குக்கூடத் தெரியும்.

"சொல்லு, மேடா பள்ளமா? என்னால என் குதிகாலை எட்டிப் பார்க்க முடியல" என்ற நாகிசா, சிரித்துக்கொண்டே சேர்த்தாள். "ஆனா உன் கண்ணை நம்பினா நல்ல காலை வெட்டிட்டுக் கெட்ட காலை விட்ருவாங்க."

விளையாட்டுப் பேச்சுதான். என்றைக்கும் பேசுவதுதான். அன்றைக்கு அது சுருக்கென்று தைத்தது.

"பள்ளம்" என்றாள் ரிட்சுகோ. "ஒண்ணுமில்ல. சாக்ஸைப் போடு."

நாகிசாவால் பார்க்க முடியாத ஒன்றை அவள் பார்த்துவிட்டாள், வாழ்க்கையில் முதல் தடவையாக. அந்த ருசி நாக்கில் இருக்கும்போதே துப்ப மனசு வரவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். ஒரு நாளில் என்ன குடிமுழுகிவிடப் போகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை முதல் படம் திரையில் விழுந்ததும், "மேடு" என்றாள் ரிட்சுகோ. தன் வாயா அது என்று அவளுக்கே ஆச்சரியம். அடுத்த படம், அதற்கடுத்தது, எல்லாமே சரி. தேட வேண்டியிருக்கவில்லை, கோடுகள் தாமாக எழுந்து நின்றன. நாகிசா ஒன்றில் தடுமாறினாள், இன்னொன்றில் தப்பாகவே சொன்னாள், நெற்றியைத் தேய்த்துக்கொண்டு அசடு வழிந்தாள்.

"அடேங்கப்பா, ரிட்சுகோ-சான்! கண் திறந்துடுச்சு போலிருக்கே" என்றார் சென்செய்.

மறுநாளும் அவள் சொல்லவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. சொல்லிவிட்டால் இந்தக் கண் போய்விடும் என்று உள்ளே ஏதோ ஒன்று உறுதியாகச் சொன்னது. எங்கிருந்து வந்தது அந்த உறுதி என்று அவள் கேட்டுப் பார்க்கவில்லை, கேட்கப் பயமாக இருந்தது.

பிப்ரவரியில் பிரிவிலுள்ள எல்லாரும் வெந்நீர் ஊற்றுக்குப் போனார்கள். பெண்கள் குளிக்கும் அறையில் ஆவி கூரைவரை அடைத்து நின்றது. கந்தக நெடியும் ஊறிய தேவதாரு மர வாசமும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் இறங்கின. எங்கோ ஒரு மூலையில் கூரையிலிருந்து சொட்டும் நீர் கல்லில் விழுந்து, நின்று, மறுபடி விழுந்துகொண்டிருந்தது. குட்டை முக்காலியில் உட்கார்ந்திருந்த நாகிசாவின் முதுகை மூத்த நர்ஸ் வகிசாகா-சான் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அந்தம்மாவுக்கு எல்லாரும் பிள்ளைகள்தான்.

நாகிசா எழுந்து தொட்டியில் இறங்கக் காலைத் தூக்கினாள். குதிகாலில் ஒரு நாணயம் அளவு இருந்த கறை இப்போது பாதம் முழுக்கப் பரவியிருந்தது. கணுக்காலைச் சுற்றியிருந்தது. கெண்டைக்காலில் ஏறியிருந்தது. கோடு கோடாக.

ரிட்சுகோ தொட்டி விளிம்பிலேயே நின்றுவிட்டாள். கெண்டைக்காலில் அந்த மேடுபள்ளம் இருக்கவே கூடாது. மனுஷ உடம்பில் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் மட்டும் ஓடுகிற வரிகள் அவை. இவளுக்கு முழங்கால்வரை ஓடின. லென்ஸ் இல்லாமலே தெரிந்தன.

"வாடி உள்ள, ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றாள் நாகிசா கழுத்தளவு நீரில்.

வகிசாகா-சான் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து சுகமாகப் பெருமூச்சு விட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. அதே நீரில் இருந்த யாருமே ஒன்றும் சொல்லவில்லை.

அதன் பிறகு கட்டிலில் புரண்டதுதான், தூக்கம் இல்லை. மூன்றாம் வாரம் சென்செய் அவளைக் கூப்பிட்டு, ஏப்ரலில் அந்த நாற்காலி அவளுக்குத்தான் என்றார். ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டது. அன்று நாகிசா வாழ்த்துச் சொல்லக் கை நீட்டியபோது, டாக்டர் கோட்டின் கைப்பகுதிக்குள்ளிருந்து கறுப்புக் கோடுகள் மணிக்கட்டுவரை வந்து நின்றன.

கண் போனால் போகட்டும், நாற்காலியும் போகட்டும் என்று முடிவு செய்தாள் ரிட்சுகோ. எல்லாரையும் பரிசோதனை அறைக்கு இழுத்து வந்தாள்.

"சென்செய், நான் பொய் சொன்னேன். நாகிசா கால்ல இருக்கிறது பள்ளம் இல்ல, மேடு. அன்னிக்கே பார்த்தேன். பொறாமையில மறைச்சேன்."

சென்செய் நாற்காலியை இழுத்துப் போட்டார். சந்தேகம் வந்தால் அங்கே செய்வது ஒன்றுதான்: தோலில் மையைத் தடவித் துடைப்பது. துடைத்தாலும் பள்ளத்தில் மை தங்கிவிடும். எது பள்ளம் என்று அதற்குமேல் வாக்குவாதம் கிடையாது. ரிட்சுகோவே நீல மையைத் தடவினாள், துடைத்தாள், லென்ஸை வைத்தாள். பள்ளங்களில் நீலம். நடுவே மேடுகளில் கன்னங்கரேல் என்று கறை. குழந்தைக்குக்கூடப் புரியும்.

"பாருங்க, சென்செய்."

அவர் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நீலம் பள்ளத்துல அழகா நிக்குது. பழுப்பு எங்கேம்மா?"

"மேட்டுல! முழுக்க மேட்டுல!"

வகிசாகா-சான் குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். கேமராவில் எடுத்த படத்தை நாகிசாவும் பார்த்தாள். "முன்னாடி இருந்த சின்ன மச்சம்கூட மங்கிப்போச்சே" என்றாள் மெதுவாக. பிறகு அவள் கண் கலங்கியது. "நாற்காலியையும் வாங்கிட்ட. அப்பவும் உனக்கு அடங்கலையா, ரிட்சு? என்னை நோயாளியாவும் ஆக்கிப் பார்க்கணுமா?"

"ஒரு துண்டு வெட்டிப் பாருங்க, சென்செய். உங்க காலைப் பிடிச்சுக் கேட்கிறேன்."

"நல்ல தோலை எதுக்கு வெட்டறது? நீ வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்கு" என்றார் அவர். கோபம் இல்லை. இரக்கம். அது இன்னும் மோசம்.

நாகிசா யார் முகத்தையும் பார்க்காமல் கிளம்பினாள். வகிசாகா-சான் பின்னாலேயே போனாள். ரிட்சுகோ கதவருகே நின்றாள். நீண்ட தாழ்வாரம். வெள்ளை விளக்கு. பழைய இரும்பை முகர்ந்த மாதிரி ஒரு வாசம். அவளுக்கு மட்டும்.

லிஃப்ட் பக்கம் போய் நாகிசா திரும்பினாள். கழுத்தில் கோடுகள். தாடையில் கோடுகள். கன்னம், நெற்றி, இமை. மேடு மேடாக. கறுப்பாக. ஊர்ந்துகொண்டிருந்தன.

"அழாத கண்ணு" என்றாள் வகிசாகா-சான். "வாரக் கணக்கா சாப்பிட்டு நல்லாத் தூங்கின மாதிரி என்னமா பளபளன்னு இருக்க. யார் கண்ணாவது பட்டுடப் போகுது." இரண்டு கைகளாலும் அந்தக் கன்னத்தை ஏந்தித் துடைத்துவிட்டாள்.

லிஃப்ட் திறந்தது. நாகிசா உள்ளே போனாள். வகிசாகா-சான் தாழ்வாரத்தின் கோடியிலிருந்து ரிட்சுகோவைப் பார்த்து, எல்லாம் சரியாகிவிடும், போய்த் தூங்கு என்பதுபோல் சிரித்து, கையை உயர்த்தி ஆட்டினாள். உள்ளங்கை முழுக்கக் கறுத்திருந்தது. விரல் நுனிவரை. வரி வரியாக.

அந்தக் கையாலேயே, நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டு, பிள்ளைகள் வார்டின் கதவைத் திறந்தாள்.