இறுகிய கையில் ரோசா நகம்

"ஐயோ... ஓடியாங்கோ!"

கமலாசனி போட்ட சத்தத்தில் முள்ளியவளை நாய்களெல்லாம் எழும்பிக் குரைத்தன.

கட்டிலில் அவள் புருசன் அப்புத்துரை. அரிசி ஆலை முதலாளி. முகத்தின் மேல் தலையணை. மூச்சு இல்லை!

இறுகிய கைக்குள் ஒரேயொரு ரோசா நிற நகம்...

முல்லைத்தீவிலிருந்து ஜீப் வந்தது. முதலில் வயிறு இறங்கியது. பின்னால் இன்ஸ்பெக்டர் நல்லதம்பி.

"பொய்நகம்! இஞ்சை ஆர் ஒட்டியிருக்கிறது?"

"நானும் மச்சாளும்தான் ஐயா. நாளைக்குக் கலியாண வீடு. மச்சாள் லண்டனிலையிருந்து கொண்டந்தவா. நேற்றுப் பின்னேரம் ஒட்டினனாங்கள்."

மச்சாள் சிவலட்சுமி, செத்தவரின் தங்கை, கைகளை விரித்தாள். பத்து விரலிலும் ரோசா நகம்!

இன்ஸ்பெக்டர் கமலாசனியின் வலக்கையைப் பிடித்தார். சுட்டுவிரல் மொட்டை!

"கேஸ் முடிஞ்சுது!"

"ஐயா, காலமை பிட்டுக்கு மா குழைச்சனான். அவிச்சுப்போட்டுப் பாக்க நகத்தைக் காணேல்லை. தேத்தண்ணியோடை வந்தால் இவர் இப்பிடி... நம்புங்கோ! என்னைத் தூக்கிலை போட்டிடுவினம்!"

"பொய்!" சிவலட்சுமி சீறினாள். "தோலை ஒதுக்கி, மினுக்கம் போக அராவி, மருந்தாலை எண்ணெய்ப்பசை எடுத்து நானெல்லோ ஒட்டி விட்டனான்! ஆரேன் பிடிச்சு இழுத்தால்தான் அது வரும்!"

"மருந்தாலை துடைச்சாப் பிறகு, ஒட்ட முன்னம், நான் சீப்பாலை தலை இழுத்தனான், மச்சாள்..."

"எண்ணெய்த் தலையையோ?"

"எண்ணெய் வைக்காமல் ஆர் தலை இழுக்கிறது?"

இன்ஸ்பெக்டரின் மூக்கு குசினிப் பக்கம் திரும்பியிருந்தது.

"அந்தப் பிட்டைக் கொண்டாங்கோ."

"செத்த வீடு ஐயா... துடக்கு, சாப்பிடக்கூடாது..."

"சட்டத்துக்குத் துடக்கில்லை!"

கதிரையில் அமர்ந்தார். ஒரு வாய். இரண்டு வாய்...

கடக்!

பல்லிடுக்கிலிருந்து இழுத்தெடுத்தார். ரோசா நிற நகம்!

கமலாசனி பாய்ந்து பறித்தாள்.

"இது என்ரை! அடியைப் பாருங்கோ, எண்ணெய்ப் பிசுக்கு! அப்ப... இவரின்ரை கைக்குள்ளை இருந்தது ஆரின்ரை நகம்?"

இன்ஸ்பெக்டர் செத்தவரின் கையில் இருந்த நகத்தைத் திருப்பினார். அடியில் பிசுக்கே இல்லை. பிய்ந்து வந்த உண்மை நகத்தின் துண்டு!

"இது... ஒழுங்கா ஒட்டின நகம்..."

கமலாசனி சிவலட்சுமியின் கையை எட்டிப் பிடித்து மோந்தாள்.

"மச்சாள்! பெருவிரல் மட்டும் ஏன் இப்ப ஒட்டின மாதிரி பசை மணக்குது?"

சிவலட்சுமி கையை உதறி இழுத்தாள்.

"அண்ணன் ஆலையை உன்ரை பேருக்கு எழுதப் போறானாம்... எங்கடை அப்பா கட்டின ஆலையை!"

விலங்கு அவள் கையில் விழுந்தது.

இன்ஸ்பெக்டர் செருமினார்.

"நான் முதலே சந்தேகப்பட்டனான். அதுதான் பிட்டைப் பரிசோதிச்சனான். மிச்சத்தையும்..."

தட்டைக் கிட்ட இழுத்தார்.

கமலாசனி கண்ணைத் துடைத்துக்கொண்டு இடக்கையை நீட்டினாள்.

"பரிசோதியுங்கோ ஐயா. நீங்கள் பாக்காத கையிலையும் ஒண்டைக் காணேல்லை!"